டோக்கன் வைத்திருப்பவரே நோயாளி

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில், திருக்கழுக்குன்றம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், 'செங்கைக் கடலோர மூளை நல உயர்சிறப்பு மையம்' இருக்கிறது. இவ்வளவு பெயரையும் சொல்லி டிக்கெட் கேட்டால் சொல்லி முடிப்பதற்குள் நிறுத்தம் போய்விடும். அதனால் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் மூளை ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள்.

அங்கே மூளை அலைகளைப் பதிவு செய்யும் கருவி ஒன்று உண்டு. ஈ.ஈ.ஜி. என்பார்கள். தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டினால், மண்டைக்குள் ஓடுகிற மின்சாரத்தைக் கோடு கோடாகத் திரையில் காட்டும். வலிப்பு நோயைக் கண்டுபிடிப்பதற்கு அது ஓர் உதவி என்று கருவியோடு வந்த புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்ததாம். மையத்தில் அந்தப் புத்தகத்தைப் பிரித்தவர்கள் யாரும் இல்லை. கருவிக்கு மூன்று முறை திறப்பு விழா நடந்தது. வந்து இறங்கியபோது ஒன்று, பெட்டியைப் பிரித்தபோது ஒன்று, அந்த அறைக்கு ஏ.சி. மாட்டியபோது ஒன்று. மூன்று கல்வெட்டுகளும் வாசலிலேயே இருக்கின்றன. அவற்றை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கருவியைப் பார்க்க டோக்கன் வேண்டும்.

ஜாக்குலினுக்கு அந்தக் கருவி தேவைப்பட்டது அவள் கணவன் ஸ்டான்லிக்காக. திருவிடந்தைப் பக்கம், கடலைப் பார்த்த மாதிரி இருக்கும் ஒரு சொகுசு விடுதியில் இரண்டு பேருக்கும் வேலை. அவள் சமையலறையில் தோசைக்கல் முன்னால். அவன் தண்ணீர்ப் பிரிவில். தண்ணீர்ப் பிரிவு என்றால் மோட்டார், குழாய், எல்லாவற்றுக்கும் மேலே தென்னைமர உயரத்தில் நிற்கும் தொட்டி. அந்தத் தொட்டிக்கு இரும்பு ஏணி ஒன்று நேராக மேலே போகும். ஸ்டான்லி தினமும் அதில் ஏறி இறங்கவேண்டும்.

மழைக்காலத்தில் ஒரு நாள் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். கை கால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை தள்ளியது, நாக்கைக் கடித்துக்கொண்டான். அப்புறம் சர்ச்சில் ஒரு தடவை வந்தது. போதகர் பிசாசை விரட்டினார். பிசாசு அவருக்குக் கட்டுப்பட்டு, அடுத்த தடவை கோவளம் பஸ் ஸ்டாப்பில் வந்தது. அன்றிலிருந்து சமையலறை ஜன்னல் வழியாகத் தொட்டியைப் பார்த்துக்கொண்டேதான் ஜாக்குலின் தோசை ஊற்றினாள். அவன் ஏணியில் இருக்கும் நேரம் பூராவும் தோசை கருகும். விருந்தினர்கள் அதை நல்ல மொறுமொறுப்பு என்று பாராட்டினார்கள்.

அவனைக் கீழே இறக்கி வேறு வேலை கொடுங்கள் என்று சூப்பர்வைசர் மணியிடம் போய் நின்றாள்.

"தலச்சுத்து எல்லாத்துக்கும்தான் வருது," என்றான் மணி. "ஃபிட்ஸுன்னா ஆஸ்பத்திரி லெட்டர் குடு, நாளைக்கே எறக்கிடறேன். லெட்டர் இல்லாம எறக்கினா இன்னா ஆவும்? எல்லாவனும் எனுக்கும் சுத்துதுன்னு வந்து நிப்பான். அப்பால டாங்க்குக்கு நானா ஏறுவேன்?"

"லெட்டர் வர்ற வரிக்கும் ஏறச் சொல்லாத அண்ணாத்த. மேல கீறப்ப வந்துட்சின்னா?"

"அதுக்குத்தான் லெட்டரு," என்றான் மணி. அவன் கெட்டவன் இல்லை. காகிதம் இல்லாமல் இரக்கப்பட அவனுக்கு அனுமதி கிடையாது, அவ்வளவுதான்.

முதல் தடவை மூளை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் ரோஹித் என்ற இளைஞர் பார்த்தார். பார்த்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி, "வலிப்பு வரும்போது என்ன ஆகும்?" என்று ஸ்டான்லியைக் கேட்டார்.

"தெர்ல சார். வுழுந்துட்டு எந்திரிக்கிறேன். நடுவுல இன்னா ஆவுதுன்னு இவளுக்குத்தான் தெரியும்."

ஜாக்குலின் வாயைத் திறந்தாள். "நோயாளி மட்டும் பேசணும்மா," என்றார் ரோஹித். "கூட வந்தவங்க சொன்னா அது கேள்விப்பட்டதுதான். உங்களுக்கு ஞாபகம் இல்லையா ஸ்டான்லி? கொஞ்சம் முயற்சி பண்ணுங்க."

ஸ்டான்லி முயற்சி பண்ணினான். மயங்கிக் கிடந்த நேரத்தில் என்ன நடந்தது என்று நெற்றியைச் சுருக்கி யோசித்தான். ஒன்றும் வரவில்லை. பஸ் ஸ்டாப்பில் யாரோ எடுத்த வீடியோ தன் போனில் இருப்பதாக ஜாக்குலின் மெதுவாகச் சொன்னாள். மொபைலில் எடுத்தது மருத்துவ ஆவணம் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். ஈ.ஈ.ஜி. எடுக்காமல் மாத்திரையும் கிடையாது, லெட்டரும் கிடையாது.

இரண்டாவது தடவை கருவி அறையின் வாசல் வரைக்கும் போனார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், தலைக்குத்தான் சோதனை என்பதால், ஜாக்குலின் அவன் தலையில் தேங்காயெண்ணெய் வழிய வழியத் தேய்த்து, வகிடெடுத்துச் சீவிவிட்டிருந்தாள். எண்ணெய்த் தலையில் ஒயர் ஒட்டாது. அதை முன்னாலேயே யாராவது சொல்லியிருக்கலாம். நிர்வாக அலுவலர் வசுமதி அந்தத் தலையைத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டு, கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

"இந்தக் கருவி எங்கிருந்து வந்திருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? அதுல போய் எண்ணெய்யா? தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாதுங்கிறது எங்க வெப்சைட்ல தெளிவா இருக்கு. கீழ, மூணாவது இணைப்பை அழுத்தினா வரும். மக்களுக்கு விழிப்புணர்வே இல்லை."

அடுத்த தேதி பொங்கல் கழித்துக் கிடைத்தது. அதுவரைக்கும் ஸ்டான்லி தொட்டியில் ஏறினான், தோசை கருகியது.

மூன்றாவது தடவைக்கு விதிமுறைகளை ஜாக்குலின் வாய்மொழியாகவே மனப்பாடம் செய்துவிட்டாள். ஷாம்பூ போட்டுத் தலை குளிக்கவேண்டும். காபி கூடாது. முந்தின இரவு தூங்கவே கூடாது, தூக்கம் கெட்ட மூளைதான் கருவியிடம் உண்மையைச் சொல்லும். அவனைத் தூங்கவிடாமல் வைத்திருக்கவேண்டுமென்றால் அவளும் விழித்திருக்கவேண்டுமே. விடிந்தபோது இருவர் கண்களும் மிளகாய்ப்பழம் போல இருந்தன.

கூடத்தில் இன்னொரு ஏற்பாடு. தூங்காமல் வந்த நோயாளிகள் காத்திருக்கும்போது தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள, விசில் கொடுத்து ஒரு காவலரை நிறுத்தியிருந்தார்கள். நாற்காலியில் யார் தலை சாய்ந்தாலும் காதருகே விசில். அப்படியும் தூங்கினால் டோக்கன் ரத்து. உள்ளே போனதும் படுக்கையில் படுத்து உடனே தூங்கவேண்டும். தூங்காவிட்டால் அதற்கும் ஒரு திட்டு.

டோக்கனில் பெயர் இருக்காது, ஆணா பெண்ணா என்றும் இருக்காது, வெறும் எண்தான். வலிப்பு என்று தெரிந்தால் ஊர் ஒரு மாதிரி பார்க்குமே, நோயாளியின் மானத்தைக் காப்பாற்றவேண்டும் என்று நிர்வாகம் யோசித்துச் செய்த நல்ல காரியம். அதற்கு முடிவுரையாகச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: 'டோக்கன் வைத்திருப்பவரே நோயாளி.'

அன்று பார்த்துத் தரச்சான்று கொடுக்கும் குழு வந்திருந்தது. இயக்குநர் டாக்டர் சதாசிவம் அவர்களைக் கூடத்தின் நடுவே நிறுத்தி, விசில் சத்தங்களுக்கு இடையே உரையாற்றினார்.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர்கள் சொன்னார்கள். நாங்கள் விசாரிப்பதையும் விட்டுவிட்டோம். விசாரித்தால் நோயாளி எதையாவது சொல்வார். சொன்னால் எழுதவேண்டும். எழுதினால் அதைப் பற்றி யோசிக்கவேண்டும். மனித நேரம் எவ்வளவு வீணாகிறது பாருங்கள். கருவி யாரையும் எதுவும் கேட்பதில்லை. சென்ற ஆண்டு வலிப்பு இல்லை என்று இங்கே நிரூபிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை இந்தச் சாலையிலேயே அதிகம். அவர்களில் சிலர் வாசலிலேயே விழுந்தார்கள். நாங்கள் மனம் தளரவில்லை."

குழுவினர் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த இருவர் விழித்து டோக்கனைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

கூட்டம் நகர்ந்ததும் வசுமதி ஸ்டான்லியிடம் வந்தார். "ராத்திரி தூங்கலைன்னு சான்று வாங்கினீங்களா? எதிர் கட்டடத்துல முதல் மாடி. சீல் வெச்சு வாங்கிட்டு வாங்க. டோக்கனை வெச்சிட்டுப் போங்க, அது கூடத்தை விட்டு வெளிய போகக் கூடாது."

"தூங்கலன்னு இவரைப் பாத்தாலே தெர்தே மேடம்," என்றாள் ஜாக்குலின்.

"பாத்தாலே தெரியும்னா நாங்க எதுக்கும்மா?" என்றார் வசுமதி.

ஸ்டான்லி டோக்கனை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளாடியபடி போனான். அவன் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் எண்ணைக் கூப்பிட்டார்கள். மூன்று முறை கூப்பிட்டும் உள்ளே போகாவிட்டால் அடுத்த தேதி சித்திரை தாண்டித்தான். ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்வதற்காக ஜாக்குலின் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினாள்.

உள்ளே பிரதீபா என்ற டெக்னீஷியன் இருந்தாள். எப்போதும் நோயாளியின் தலைக்குப் பின்னால் நின்றே வேலை செய்கிறவள், முகங்களோடு அவளுக்கு அவ்வளவு பழக்கம் இல்லை. டோக்கனை வாங்கினாள், எண்ணைச் சரிபார்த்தாள், ஜாக்குலினைத் தோளில் அழுத்தி உட்காரவைத்தாள், டேப்பால் மண்டையை அளக்க ஆரம்பித்தாள்.

"எனுக்கு இல்ல மேடம். என் வூட்டுக்காரருக்கு."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. போன வாரம் ஒருத்தர், 'எனக்கில்ல, என் தம்பிக்கு'ன்னார். வெளிய போய்ப் பாத்தா தம்பியே இல்ல. கொண்டையை அவுங்க."

"நெஜமா சொல்றேன் மேடம், அவரு எதுத்த பில்டிங்குக்குப் போயிகீறாரு."

"நோயை மறைக்கறதும் நோயோட ஒரு அறிகுறின்னு எங்களுக்கு சர்க்குலர் வந்திருக்கு," என்றாள் பிரதீபா அன்பாக. "இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்லம்மா."

எழுந்து போனால் டோக்கன் போய்விடும். உட்கார்ந்தே இருந்தால், அவன் வந்ததும் ஆளை மாற்றிக்கொள்ளலாம். இப்படித்தான் ஜாக்குலின் கணக்குப் போட்டாள். இரவெல்லாம் தூங்காத மூளை வேறு எப்படிக் கணக்குப் போடும்? சிவப்புப் பென்சிலால் மண்டையில் புள்ளி வைத்தார்கள், பசை தடவினார்கள், ஒயர்களை ஒட்டிப் படுக்கவைத்தார்கள். கண்ணை மூடு, திற, மூச்சை இழுத்து இழுத்து விடு என்றார்கள். முகத்துக்கு நேரே விளக்கு பளிச் பளிச்சென்று வெட்டியது. அப்புறம் தூங்கச் சொன்னார்கள். கட்டில் மெத்தென்று இருந்தது, ஏ.சி. குளிர்ந்தது. பாவம், அவள் தூங்கிவிட்டாள். திரையில் ஓடிய கோடுகளைப் பார்த்து, இவ்வளவு அழகான பதிவு இந்த மாதத்தில் வரவே இல்லை என்று பிரதீபா பூரித்துப்போனாள்.

அவளை எழுப்பியது ஒரு சத்தம். கதவுக்கு வெளியே ஏதோ தொம்மென்று விழுந்தது, அதைத் தொடர்ந்து தொண்டையிலிருந்து ஓர் உறுமல். அந்த உறுமலை எந்தக் கூட்டத்திலும் அவளால் அடையாளம் சொல்லமுடியும்.

"மேடம், அவரு வுழுந்துட்டாரு. என்னை வுடு மேடம்."

"அசையாதம்மா, வேவ் கெட்டுடும். வெளிய எவ்வளவோ டாக்டருங்க இருக்காங்க. நீ கண்ணை மூடு."

ஜாக்குலின் ஒயர்களைப் பிய்த்துக்கொண்டு எழுந்தாள். பாதி கையோடு வந்தன, மீதி தலையிலேயே தொங்கின. அப்படியே வெளியே ஓடினாள்.

கூடத்தின் நடுவே, சீல் வைத்த சான்றைக் கையில் பிடித்தபடி, ஸ்டான்லி மல்லாந்து கிடந்து துடித்துக்கொண்டிருந்தான். இயக்குநர், தரச்சான்றுக் குழு, ரோஹித், வசுமதி, விசில் காவலர் எல்லோரும் சுற்றி நின்றார்கள். "இரும்பு, இரும்பு," என்று வசுமதி சொல்லிக்கொண்டிருந்தார். மூளை நல உயர்சிறப்பு மையத்தில் அந்த நேரத்துக்கு ஒரு துண்டு இரும்பு அகப்படவில்லை. நாற்காலி பிளாஸ்டிக், கதவு கண்ணாடி. கடைசியில் இயக்குநரே தன் கார் சாவியை எடுத்து ஸ்டான்லியின் கையில் வைத்து விரல்களை மூடினார். அது புது மாதிரி சாவி, வெறும் பொத்தான்தான். ஸ்டான்லியின் கை வெட்டி இழுத்த ஒவ்வொரு தடவையும் வெளியே போர்ட்டிகோவில் இயக்குநரின் கார் கீக் கீக்கென்று கத்தித் திறந்து திறந்து மூடியது.

ஜாக்குலின் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். சாவியைப் பிடுங்கி எறிந்தாள். அவனை ஒருக்களித்துத் திருப்பி, முந்தானையைச் சுருட்டித் தலைக்கடியில் கொடுத்து, அது அடங்கும்வரை முதுகில் கை வைத்தபடி இருந்தாள். அவள் தலையிலிருந்து ஒயர்கள் அவன்மேல் தொங்கின.

குழுவில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இது வலிப்புதானே டாக்டர்?"

"அவசரப்படக் கூடாது," என்றார் சதாசிவம். "ரிப்போர்ட் வரட்டும்."

ரிப்போர்ட் அன்று மாலையே வந்தது. டாக்டர் ரோஹித் அதைத் திரையில் படித்தார். "நார்மல். ரொம்ப நார்மல். கடைசியில மட்டும் கொஞ்சம் அசைவு இருக்கு, அதைக் கணக்குல எடுத்துக்க வேண்டாம். உங்களுக்கு வலிப்பு இல்ல ஸ்டான்லி."

"அப்ப வெளிய வுழுந்தது?" என்றாள் ஜாக்குலின்.

"அது நார்மலா விழுந்தது."

"சார், அந்த ரிப்போர்ட்டு என் தலயோடது. என் தலயிலதான் ஒயரு மாட்டுனாங்க."

ரோஹித்தின் விரல் விசைப்பலகைமேல் நின்றது. இப்படிச் சொன்னால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. நிர்வாகத்துக்கு அனுப்பினார். நிர்வாகம் பதிவுத் திருத்தக் குழுவுக்கு அனுப்பியது. பதிவுத் திருத்தக் குழுவிடம் இதுவரை யாரும் போனதில்லை, அதனால் முதலில் அதை அமைத்தார்கள். இதற்கெல்லாம் நாள் எடுக்கும் அல்லவா? இதற்குள் வலிப்பு இல்லை என்ற செய்தி விடுதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தொட்டியை உள்ளே இறங்கிக் கழுவும் வேலையையும் மணி ஸ்டான்லிக்கே கொடுத்தான்.

"வேலய வுட்டுட்டு வந்துர்யா," என்று ஜாக்குலின் ஒரு நாள் அழுதே விட்டாள்.

"வுட்டுட்டு? ஃபிட்ஸுன்னு ஊரு பூரா தெரியும். எவன் குடுப்பான் வேல?" என்றான் ஸ்டான்லி. "ஆஸ்பத்திரிக்காரனுக்கு மட்டுந்தான் தெர்ல."

குழு கூடிய நாளில் ஸ்டான்லியை வெளியிலேயே உட்காரவைத்துவிட்டார்கள். நீள மேசை, மூன்று பேர். வசுமதிதான் முதலில் கேட்டார்.

"டோக்கன் உங்க கையில இருந்ததுன்னு ஒத்துக்கறீங்களா?"

"ஆமா மேடம். ஆனா ஃபிட்ஸு அவருக்குத்தான்."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கருவியில படுத்தது யாரு?"

"நான்தான்."

வசுமதி சாய்ந்து உட்கார்ந்தார், வழக்கு முடிந்துவிட்ட முகம். இயக்குநர் சதாசிவம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார். "அம்மா, இந்தக் கருவி தப்புப் பண்ணாது. இந்தத் தலையில் இந்தக் கோடுதான் ஓடியது என்று அது சொல்கிறது, நீங்களும் உங்கள் தலைதான் என்கிறீர்கள். ஆகப் பதிவு சரி. டோக்கன் உங்கள் கையில் இருந்தது, ஆக விதியும் சரி. போன வாரம்தான் ஆள் மாறாட்டமே நடக்காத மையம் என்று எங்களுக்குத் தரச்சான்று கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கும்போது தவறு ஒரே இடத்தில்தான் இருக்கமுடியும். ஃபைலில் உங்கள் கணவர் பெயர் இருப்பதுதான் அந்தத் தவறு. அதைத் திருத்தச் சொல்லிவிட்டேன்."

அங்கேயே திருத்தினார்கள். ஸ்டான்லி என்றிருந்த இடத்தில் எல்லாம் ஜாக்குலின் என்று மாறியது. பல் துலக்கும்போது விழுந்தது, சர்ச்சில் விழுந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டது, எல்லாம் அவளுக்கு வந்து சேர்ந்தது. கருவி அறையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில் வெளிக்கூடத்தில் அவள் விழுந்து துடித்ததும் முறையாகப் பதிவாயிற்று.

ரோஹித் திருத்திய ஃபைலைப் படித்துவிட்டுக் கவலையோடு நிமிர்ந்தார். "சார், இந்த அம்மாவுக்கு வலிப்பு நோய் இருக்குன்னு நினைக்கிறேன். ஹிஸ்டரி அவ்வளவு தெளிவா இருக்கு. ஈ.ஈ.ஜி. நார்மலா வந்தாலும் வலிப்பு இருக்கலாம் இல்லையா? நடந்ததை விசாரிச்சுத்தானே முடிவு பண்ணணும்?"

"நிச்சயமாக," என்றார் இயக்குநர். "கருவி ஓர் உதவிதான்."

அந்த மையத்தில் அன்று சொல்லப்பட்ட ஒரே உண்மை அது. ஆள்தான் தப்பு.

"அப்ப என் வூட்டுக்காரருக்கு, சார்?"

"அவருக்குத்தான் ஃபைலே இல்லையேம்மா. ஃபைல் இல்லாதவருக்கு நோய் எப்படி வரும்?" என்றார் வசுமதி. "வேணும்னா புதுசா டோக்கன் போடுங்க. அடுத்த வருஷம் தேதி கிடைக்கும்."

மாத்திரையும் கொடுத்தார்கள், லெட்டரும் கொடுத்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி கொடுத்துவிட்டான், பக்கத்தில் நின்றவளுக்கு. மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் ஸ்டான்லி லெட்டரை வாங்கிப் பார்த்தான்.

"இன்னா ஜாக்கு, உனுக்கு ஃபிட்ஸாமே."

"ஆமாய்யா. இனிமேட்டு நான் ஒயரத்துல ஏறக்கூடாதாம். நெருப்பாண்ட நிக்கக்கூடாதாம்."

"நீ எப்ப ஒயரத்துல ஏறுன?"

அவள் லெட்டரைத் திரும்ப வாங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். கீழே கடைசி வரி ஒன்று இருந்தது. அதை விரல் வைத்து எழுத்துக்கூட்டி மறுபடியும் படித்தாள். மாமல்லபுரம் வரும்வரை விரல் அந்த வரியிலேயே இருந்தது. எவ்வளவு பெரிய பொய்யைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பஸ் நின்றதும் லெட்டரை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மணி அந்த லெட்டரை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். சீல் இருந்தது, கையெழுத்து இருந்தது.

"உனுக்கா ஃபிட்ஸு? அவனுக்குன்னுதான சொல்லிகினு இருந்த?"

"ஆஸ்பத்திரியில கீறவங்களுக்குத் தெரியாததா அண்ணாத்த? அடியில போட்டுகீறாங்க பாரு."

மணி அடியில் பார்த்தான். நோயாளியை வேலையிடத்தில் தனியே விடக்கூடாது, வலிப்பு வந்தால் கவனிக்கத் தெரிந்த குடும்பத்தினர் ஒருவர் எந்நேரமும் அருகில் இருக்கவேண்டும், தவறினால் விடுதி நிர்வாகமே பொறுப்பு.

"உன் குடும்பத்துல இங்க யாரு கீறா?" என்று கேட்ட மணி, தானே அண்ணாந்து தொட்டியைப் பார்த்தான். ஸ்டான்லி பாதி ஏணியில் இருந்தான். "டேய், எறங்குடா," என்று மணி கத்தினான். "உன் பொண்டாட்டியாண்ட போயி நில்லு. இனிமே அதான் உன் வேல."

ஸ்டான்லி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தான். அவன் கால் மண்ணைத் தொடும்வரை ஜாக்குலின் பார்த்துக்கொண்டே இருந்தாள். தொட்டிக்குச் செய்யூரிலிருந்து வேறு ஆள் வந்தான். ஜாக்குலினுக்கு அடுப்பு போயிற்று. கடற்காற்றிலும் வெயிலிலும் இரண்டு பேரும் புல்தரையில் களை பிடுங்கினார்கள், சம்பளம் குறைந்தது. விடுதியில் கூட வேலை செய்தவர்கள் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தங்கை பிரிசில்லாவைப் பெண் பார்க்க வந்தவர்கள், அக்காவுக்கு ஃபிட்ஸாமே என்று விசாரித்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவே இல்லை. பிரிசில்லாவுக்கு உண்மை தெரியும். அவள் இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை, மூன்றாம் நாள் தானாக வந்து பேசினாள்.

மாத்திரையை அவள் வாங்கி வந்தாள், அவன் விழுங்கினான். ஆறேழு மாதத்தில் ஒரே ஒரு தடவைதான் வந்தது, அதுவும் புல்தரையில், அவள் கை எட்டும் தூரத்தில். மாதாமாதம் மூளை ஆஸ்பத்திரிக்குப் போய், "இந்த மாசம் எனுக்கு வர்ல சார்," என்று அவள் சொல்வாள். கருவியால் நலமடைந்த முதல் நோயாளி என்று அவள் கதையை ஆண்டு மலரில் போட நிர்வாகம் முடிவு செய்தது. அதற்காக டாக்டர் ரோஹித் அடுத்த தடவை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேள்வி கேட்டார். ஸ்டான்லி துணைக்கு வந்தவனாகச் சுவரோரம் நின்றிருந்தான்.

"வலிப்பு வரும்போது உங்களுக்கு எப்படி இருக்கும்மா? உங்க வார்த்தையிலேயே சொல்லுங்க."

இதை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தாள். பிறகு, பொய் எதற்கு என்று தோன்றிவிட்டது.

"மொதல்ல ஒரு சத்தம் கேக்கும் சார். கையில இன்னா கீதோ அப்டியே வுட்டுருவேன். ஒடம்பு பூரா வெலவெலத்துப் பூடும். நெஞ்ச அடச்சிக்கும். கூப்புடணும்னு பாப்பேன், வாயில பேரு வராது."

ரோஹித் வேகமாக எழுதிக்கொண்டார். "எவ்வளவு நேரம் இருக்கும்?"

"ரெண்டு நிமிசம்தான்றாங்க. எனுக்கு அப்டித் தோண்ல சார். கண்ண தொறக்குற வரிக்கும் உசுரு ஒடம்புல இருக்காது."

"அந்த நேரத்துல நடந்தது எதுவும் அப்புறம் ஞாபகம் இருக்காது, இல்லையா?"

"எல்லாம் ஞாபகம் கீது சார்," என்றாள் ஜாக்குலின். "ஒவ்வொரு தபா வந்ததும் ஞாபகம் கீது. ஒண்ணுகூட மறக்கல."

சுவரோரம் நின்ற ஸ்டான்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான். டாக்டர் ரோஹித் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். ரொம்ப அபூர்வமான கேஸ் என்று சொல்லிவிட்டு, மாத்திரையை நிறுத்தாமல் தொடரச் சொன்னார்.